விளிம்பில் ஒரு பெயர்

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை. சம்பளம் கொடுத்து முடித்து நோட்டை மூடும் நேரம். எங்கள் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். திருப்பூருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது.

“அண்ணா, ஒரு நாடா நெய்யணும்.”

“எத்தன மீட்டருங் அம்மிணி?”

“ஒரு சாண் இருந்தா போதும்ணா.”

நான் இருபத்தெட்டு வருடமாக நாடா நெய்கிறவன். ஜட்டி இடுப்பு எலாஸ்டிக், டி-ஷர்ட் கழுத்துக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் டேப், பேன்ட்டில் இழுத்துக் கட்டும் கயிறு. எல்லாமே ஆயிரம் மீட்டர் கணக்கில் போகிற சரக்கு. ஒரு சாண் நாடா கேட்டு யாரும் வந்ததில்லை. எதற்கு என்று கேட்டேன். சுருக்குப்பையைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

கறுத்துப்போன ஒரு வெள்ளி வட்டம். மூன்று வெள்ளி ரூபாயை ஒன்றாக அடுக்கிக் கையில் வைத்தது போன்ற கனம். தலையில் பூ வேலைப்பாட்டோடு ஒரு தொங்கட்டான், அதன்மேல் எழுத்து பொறித்த ஒரு சிறு பட்டை. பட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த துணி தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. தாத்தாவின் தாத்தா பட்டாளத்துக்குப் போய்வந்தவராம். வீட்டில் இதற்கு ‘ராணி காசு’ என்று பெயர். பொங்கல் கழித்து முன்னோருக்குப் படையல் போடும்போது இலைக்குப் பக்கத்தில் வைப்பார்களாம். “துணி நூலு நூலா போயிடுச்சுண்ணா. தைக்குள்ள மாத்திக் குடுங்க” என்றார்.

எங்கள் தொழிலில் துணியின் இழையை எண்ண ஒரு மடக்குக் கண்ணாடி உண்டு. பிக் கிளாஸ் என்போம். அதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கினேன். அன்று இரவு ஏழு மணிவரை பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இப்படி ஒரு வட்டம் தமிழ்நாட்டில் எத்தனையோ தகரப் பெட்டிகளின் அடியில் கிடக்கும். அது என்னவென்று தெரியாமலேயே உருக்கப்பட்டவை அதைவிட அதிகம் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

இதன் பெயர் இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். 1854இல் ஏற்படுத்தப்பட்டது. குறுக்களவு 36 மில்லிமீட்டர். முன்பக்கம் விக்டோரியா ராணியின் தலை, சுற்றிலும் ‘விக்டோரியா ரெஜினா’ என்ற எழுத்து. பின்பக்கம் சிறகு வைத்த பெண் ஒருத்தி, அவர்களுடைய வெற்றித் தெய்வம், உட்கார்ந்திருக்கும் வீரன் ஒருவனுக்கு வாகை சூட்டுகிறாள். அந்த வீரன் நம் ஊர்ச் சிப்பாய் மாதிரி இல்லை, பழைய ரோமாபுரிச் சிலை மாதிரி இருக்கிறான். கீழே இலைகளோடு ஒரு தாமரை. கிழக்கு நாட்டுக்கு அடையாளமாக வைத்தது அந்தத் தாமரை ஒன்றுதான்.

ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு புதுப் பதக்கம் என்று செலவழிக்காமல், ஒரே பதக்கத்தை வைத்துக்கொண்டு, சண்டையின் பெயரை மட்டும் ஒரு பட்டையில் பொறித்து மேலே மாட்டினார்கள். 1895 வரை நாற்பத்தொரு வருடத்துக்கு இதுவே ஓடியது. மொத்தம் 24 பட்டைகள். ராணியின் முகமும் மாறவில்லை. இந்தப் பதக்கம் கொடுக்கப்பட்ட காலத்தில் விக்டோரியாவுக்கு அறுபத்தாறு வயது கடந்திருந்தது. வெள்ளியில் இன்னும் இளம்பெண்தான். இந்தியாவின் பேரரசி என்று பட்டம் சூட்டிக்கொண்டு பல வருடம் ஆகியும், அந்தப் பட்டம் இதில் ஏறவில்லை. அவர் ஒரு நாளும் இந்தியாவுக்கு வந்ததும் இல்லை.

எங்கள் செக்கிங்காரர் கொண்டுவந்ததில் இருந்த பட்டை ‘பர்மா 1885-7’. விளிம்பைத் திருப்பினேன். ஒரு எண். அடுத்து ‘சாப்பர்’ என்ற சொல். அடுத்து ஒரு பெயர். கடைசியில் ‘குயீன்ஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்பதன் சுருக்கெழுத்து.

“அங்க போயி அவரு என்னண்ணா பண்ணாரு?” என்று கேட்டார் அவர். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும்.

சாப்பர் என்றால் சுட்டுக்கொண்டே முன்னேறும் காலாள் அல்ல. படை போக வேண்டிய வழியை உண்டாக்குகிறவர். காடு வெட்டுவார், மண் கொட்டிப் பாதை போடுவார், ஆற்றுக்கு மரப்பாலம் கட்டுவார், படகுத்துறை அமைப்பார், கிணறு எடுப்பார், கோட்டைக் கதவுக்கு வெடி வைப்பார். கொத்தனார், தச்சர், கொல்லர், மண் வெட்டுகிறவர் எல்லாரும் ஒரே ஆளுக்குள் இருக்க வேண்டும். தோளில் துப்பாக்கியும் இருக்கும். சென்னை மாகாணத்தில் இந்தப் படை 1780இல் முன்னோடிப் படையாகத் தொடங்கி, 1831இல் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்று பெயர் பெற்றது. 1834இல் அது பெங்களூருக்கு வந்தது. 1876இல் ராணியின் சொந்தப் படை என்ற அடைமொழி சேர்ந்தது. இன்றைக்கு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்று பெங்களூரில் இருப்பது இதே படைதான். இந்திய ராணுவம் முழுக்க இவர்களுக்கு ‘தம்பி’ என்று பட்டப்பெயர். பஞ்சாபிக்காரர்கூட “தம்பி” என்றுதான் கூப்பிடுவார். ஒரு தமிழ்ச் சொல் படைக்கே பெயராக நின்றுவிட்டது.

வேலூர், ஆர்க்காடு, சேலம், திருச்சிப் பகுதிகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம், கிறிஸ்தவர், ஊரில் சேரிக்குள் வைக்கப்பட்ட பறையர் என்று எல்லாரும் சேர்ந்த படை. 1885இல் அந்தப் பெரியவருக்கு இருபது வயது என்று வைத்துக்கொண்டால், அவருடைய பத்துப் பதினொன்றாம் வயதில் தாது வருடப் பஞ்சம் வந்திருக்கும். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைச் சுருட்டிப்போட்ட பஞ்சம். அதில் உயிர் தப்பிய கிராமத்துப் பையனுக்கு, மாதம் தவறாமல் சம்பளம் வரும் ஒரே இடம் பட்டாளம். காலாட்படைச் சிப்பாய்க்கு அப்போது மாதம் 7 ரூபாய். 1895இல்தான் அது 9 ரூபாய் ஆனது. வெளியூர்ச் சண்டைக்குப் போனால் தனியாகப் பேட்டா உண்டு. எங்கள் ஊரில் லாரி டிரைவருக்குக் கொடுக்கும் பேட்டா இருக்கிறதே, அது பட்டாளத்திலிருந்து இறங்கி வந்த சொல்.

பர்மாவில் என்ன சண்டை? தேக்கு மரத்தில் தொடங்கியது. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற ஆங்கிலக் கம்பெனி, கணக்கில் காட்டியதைவிட அதிகமாக மரம் வெட்டிக் கொண்டுபோகிறது என்று சொல்லி, மாண்டலே அரசர் தீபோவின் அரசவை 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பர்மாவில் பிரெஞ்சுக்காரர் காலூன்றிவிடுவார்களோ என்ற பயமும் ஆங்கிலேயருக்கு இருந்தது. 1885 நவம்பர் 14இல் படை நகர்ந்தது. போர்வீரர்கள் சுமார் 9,000 பேர், கூடவே எடுபிடி வேலைக்கு இந்தியர்கள் 2,800 பேர். தயட்மியோவிலிருந்து ஐராவதி ஆற்றில் நீராவிக் கப்பல்களில் மேலே ஏறினார்கள். தலைமை ஜெனரல் ஹாரி பிரெண்டர்காஸ்ட். சென்னையிலேயே பிறந்து, சென்னை எஞ்சினியர் படையிலேயே வளர்ந்தவர். 17ஆம் தேதி மின்லா கோட்டை விழுந்தது. 28ஆம் தேதி மாண்டலேக்குள் நுழைந்துவிட்டார்கள். அரசர் தீபோவைக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து சில மாதம் வைத்திருந்து, பிறகு மகாராஷ்டிரக் கடற்கரையில் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மா ஆங்கில ஆட்சியோடு சேர்க்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

இரண்டே வாரத்தில் முடிந்த போருக்குப் பட்டையில் ஏன் 1885-7 என்று இருக்கிறது? அரசரைப் பிடித்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. அரசர் போனாலும் ஊர்க்காரர் பணியவில்லை. கலைந்துபோன பர்மியப் படைவீரர்களும் கிராமத்துத் தலைவர்களும் காட்டுக்குள்ளிருந்து தாக்கினார்கள். இந்தப் பட்டைக்குக் கணக்கு 1885 நவம்பர் 14 முதல் 1887 ஏப்ரல் 30 வரை. அதற்கும் முடியாமல், அடுத்து 1887-89 என்று இன்னொரு பட்டை போட வேண்டிவந்தது. அங்கே குண்டில் செத்தவரைவிடக் காய்ச்சலிலும் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் செத்தவர்களே மிக அதிகம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஹெர்பர்ட் மேக்பர்சனே 1886 அக்டோபரில் பர்மாவில் காய்ச்சலால் இறந்தார். தளபதிக்கே அந்தக் கதி என்றால், இடுப்பளவு சேற்றில் நின்று பாலத்துக்கு முளை அடித்தவர்களின் நிலை என்ன?

நான் நாடாக்காரன் என்பதால், இந்தப் பழைய பதக்கங்களை அவற்றின் நாடாவை வைத்துத்தான் மனதில் வைத்துக்கொள்கிறேன். இந்த பர்மாப் பதக்க நாடாவின் அகலம் ஒன்றேகால் அங்குலம், 32 மில்லிமீட்டர். அரக்குச் சிவப்பில் இரு ஓரமும் மஞ்சள் என்றால் சீனா. முதல் அபினிப் போர். 1841 மே 30 அன்று காண்டன் நகருக்கு வடக்கே, சான்யுவான்லி பக்கத்து வயல்களில், சென்னையின் 37ஆம் காலாட்படையைச் சேர்ந்த ஒரு கம்பெனிச் சிப்பாய்கள் கொட்டும் மழையில் வழி தவறி மாட்டிக்கொண்டார்கள். கையில் இருந்தது தீக்கல் துப்பாக்கி; மருந்து நனைந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் சூழ்ந்த சீன விவசாயிகளுக்கு நடுவே, நாலாபுறமும் துப்பாக்கிக் கத்தியை நீட்டிச் சதுரமாக நின்றே சமாளித்தார்கள். மழைக்கு அசராத புது வகைத் துப்பாக்கியோடு ஆங்கிலக் கடற்படை வீரர்கள் வந்துதான் மீட்டார்கள். சீனர்கள் அதைத் தங்கள் வீர வரலாறாகக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நனைந்த துப்பாக்கியோடு அந்த வயலில் நின்ற தென்னாட்டுப் பையன்களை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

வெள்ளை நாடாவில் நடுவே அகலமாகச் சிவப்பு என்றால் அபிசீனியா, இன்றைய எத்தியோப்பியா. சிறைபிடித்த ஐரோப்பியரை மீட்க 1867-68இல் போன படை. இந்தியாவிலிருந்து 44 யானைகள் கப்பலில் போயின. கடற்கரையிலிருந்து மக்தாலா மலைக்கோட்டைவரை சுமார் 400 மைல். அதில் பாதை போட்டவர்களில் சென்னை சாப்பர்களும் உண்டு. 1868 ஏப்ரல் 13இல் கோட்டை விழுந்தபோது, பேரரசர் தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். நீலமும் வெள்ளையும் மாறிமாறி வந்தால் எகிப்து: 1882இல் தெல்-எல்-கபீர், 1885இல் செங்கடல் ஓரம் தோஃப்ரெக். இரண்டிலும் நம் ‘தம்பிகள்’ இருந்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று வங்காளப் படையில் உயர்சாதிச் சிப்பாய்கள் தயங்கிய காலத்திலேயே, சென்னைச் சிப்பாய்கள் மணிலாவுக்கும் ஜாவாவுக்கும் கப்பலேறிவிட்டார்கள்.

ஆனால் தொடக்கத்தில் இந்த மரியாதை வெள்ளியில் வரவில்லை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்குக் கிழக்கிந்தியக் கும்பினி ஒரு பதக்கம் அடித்தது. சிங்கம் ஒன்று புலியை மிதித்து நிற்கும். பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாம், அதற்கடுத்து வெள்ளி, பிறகு வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். ஒரே கோட்டையை ஒரே நாளில் பிடித்தவர்களுக்கு ஐந்து வகை உலோகம். அந்தத் தகரத்தில் சிப்பாயின் பெயரும் கிடையாது.

பெயர் வந்தது வாட்டர்லூவில். 1815இல் நெப்போலியனைத் தோற்கடித்த அந்தப் போருக்கு, ஆங்கில அரசு தளபதி முதல் சாதாரணச் சிப்பாய்வரை எல்லாருக்கும் ஒரே வெள்ளிப் பதக்கம் கொடுத்து, ஒவ்வொருவர் பெயரையும் விளிம்பில் பதித்தது. அந்தப் பழக்கம் தொடர்ந்து நம் ஆட்களுக்கும் வந்துசேர்ந்தது.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவன் நான். கழுத்து லேபிளில் என்ன பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர், அளவு, துவைக்கும் முறை, தயாரான நாடு. கட்டிங் மாஸ்டர் பெயர் வராது, ஓவர்லாக் அடித்தவர் பெயர் வராது, பிசிறு வெட்டியவர் பெயர் வராது. நாடா நெய்தவன் பெயரும் வராது. இத்தனை வருடத்தில் அதை ஒரு குறையாகக்கூட நான் நினைத்ததில்லை. 1885இல் பஞ்சத்தில் அடிபட்ட ஒரு கிராமத்துக்காரருக்கு, நிலப்பட்டா கிடையாது, கோயில் கல்வெட்டில் இடம் கிடையாது, பள்ளிக்கூடப் பதிவேடு கிடையாது. அவர் பெயரை உலோகத்தில் பொறித்த ஒரே பொருள், அவரை அடிமைப்படுத்தி வைத்திருந்த அரசு கொடுத்த இந்தப் பதக்கம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குள் ஒரு தீர்மானம் இல்லை. என் தாத்தா கதர் நெய்தவர். கொடியை விடாமல் 1932இல் அடிபட்டு இறந்த குமரனின் ஊர் இது. கதர் நெய்த வீட்டுப் பேரன் விக்டோரியா ராணியின் பதக்கத்துக்கு நாடா நெய்யலாமா என்று ஒரு இரவு தூங்காமல் யோசித்தேன். நான் நெய்யப்போவது ராணியின் முகத்துக்கு அல்ல, விளிம்பில் இருக்கும் அந்தப் பெயருக்கு என்று தோன்றிய பிறகுதான் தறிப் பக்கம் போனேன்.

பெயரும் சரியாக இல்லை. இங்கிலீஷ் எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். இந்தப் பதக்கங்களில் ‘சாமி’ என்பது ‘சாவ்மி’ என்றுதான் வரும். முனுசாமி ‘மூனிசாவ்மி’ ஆவார். எங்கள் கம்பெனியில் அட்டைக்கு அட்டை பெயர் மாறி, பணம் எடுக்க முடியாமல் அலைகிறவர்களை மாதாமாதம் பார்க்கிறேன். அந்தப் பெரியவரின் பெயரிலும் ஒரு எழுத்து கூடுதல், ஒரு எழுத்து குறைவு. வீட்டில் சொல்லும் பெயரைச் சொல்லச் சொல்லி, அதோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்துகொண்டோம். பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மாவின் 1885-7 பட்டையிலிருந்து இந்தப் பதக்கம் இரண்டு உலோகத்தில் வந்தது. துப்பாக்கி தூக்கியவருக்கு வெள்ளி. டோலி தூக்கியவர், தண்ணீர் சுமந்தவர், மாட்டு வண்டி ஓட்டியவர், சமைத்தவர், துவைத்தவர் போன்றோருக்கு வெண்கலம். அதே ராணி, அதே தாமரை, அதே சேறு, அதே காய்ச்சல். வெண்கலத்தைக் குறை என்று அன்று நினைத்திருப்பார்கள். ஆனால் வெள்ளி கொலுசாகவும் அரைஞாண் கொடியாகவும் உருகிப்போன வீடுகளில், உருக்கினாலும் விலை போகாத வெண்கலம் தப்பிப் பிழைத்திருக்கும். உங்கள் வீட்டில் கரும்பழுப்பாக ஒன்று கிடந்தால், அதை அலட்சியமாக எண்ணிவிடாதீர்கள். காயம்பட்டவரைத் தோளில் சுமந்து காடு கடந்தவருடையதாக அது இருக்கலாம்.

இவ்வளவு செய்தும் சென்னைச் சிப்பாய்க்கு நல்ல பெயர் நிலைக்கவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ், தெற்கத்திக்காரர் நெடுநாள் அமைதியில் இருந்து போர்க்குணம் இழந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். வடக்கே சில சாதிகளும் இனங்களும்தான் போர் மரபினர் என்ற கொள்கை வலுத்தது. பர்மாவிலேயே சென்னைப் படைப்பிரிவுகளைக் கலைத்து, அதே எண்ணில் பஞ்சாபிகளையும் கூர்க்காக்களையும் நிரப்பினார்கள். பின்னாளில் பத்தாம் கூர்க்கா ரைபிள்ஸ் என்று அறியப்பட்ட படையின் எண், பழைய பத்தாம் சென்னைக் காலாட்படையின் எண்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னைக் காலாட்படை அநேகமாக ஒழிந்தே போய், இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் திரும்ப எழுந்தது. இன்று அதன் மையம் நீலகிரியில், எங்களுக்குப் பக்கத்தில், வெலிங்டனில் இருக்கிறது. சாப்பர்களை மட்டும் யாராலும் கலைக்க முடியவில்லை. பாலம் கட்டத் தெரிந்தவனைப் போர் மரபு இல்லாதவன் என்று சொல்லி அனுப்பிவிட்டால், ஆற்றைக் கடப்பது எப்படி?

நாடாவுக்கு வருகிறேன். வெளியே தெரிந்த துணி சாயம் போய் மண் நிறமாகியிருந்தது. ஆனால் தொங்கட்டானுக்குள் மடிந்து மறைந்திருந்த அரை அங்குலத்தில் வெயிலே பட்டதில்லை. ஊசிமுனையால் மெல்லப் பிரித்தபோது உள்ளே அசல் நிறம் அப்படியே இருந்தது. அரக்குச் சிவப்பு மூன்று கோடு, கருநீலம் இரண்டு கோடு, ஐந்தும் ஒரே அகலம். நூற்றிமுப்பது வருடத்துக்கு முந்தைய சிவப்பு. சாம்பிள் நிறத்துக்குச் சாயம் சரிபார்ப்பது எங்கள் அன்றாட வேலை. ஆனாலும் அந்த அரை அங்குலத்தைப் பார்த்தபோது கை கொஞ்சம் நடுங்கியது.

பாலியெஸ்டரில் நெய்தால் பதினைந்து நிமிட வேலை. மனம் ஒப்பவில்லை. சிறுமுகையில் பட்டு நெய்யும் சொந்தக்காரரிடம் நூலுக்குச் சொல்லி, அங்கேயே சாயமும் ஏற்றினோம். கருநீலம் முதல் தடவையே அமைந்துவிட்டது. சிவப்பு மூன்று தடவை தப்பியது. ஒன்று ரோஜா பக்கம் போனது, ஒன்று செங்கல் பக்கம் போனது. நான்காவதில் வந்தது.

அடுத்தது தறி. இப்போது எங்களிடம் ஓடுவதெல்லாம் ஊசித் தறி. ஊடை நூலை ஒரு ஊசி ஒரு பக்கமிருந்து இரட்டையாகச் செலுத்தும். மறுபக்கக் கரையைச் சங்கிலிப் பின்னலாகக் கோத்துக்கொள்ளும். அதனால் ஊசித் தறி நாடாவின் இரண்டு கரையும் ஒன்றுபோல இருக்காது. பழைய நாடாவில் இரண்டு கரையும் ஒன்றுபோல இருந்தது. அது ஷட்டில் ஓடிய தறி. அப்பா காலத்தில் பாவாடை நாடாவும் விளக்குத் திரியும் நெய்த ஷட்டில் தறி ஒன்று ஷெட்டின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட மனமில்லாமல் வைத்திருந்தேன். துடைத்து, எண்ணெய் விட்டு, பாவு ஏற்றி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதனோடு இருந்தேன். இரண்டாம் ஞாயிறு மதியம் முதல் முழம் இறங்கியது.

பதக்கத்தின் தொங்கட்டான் சற்று ஆடியதால், அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல பத்த வெக்காதீங்க. சூடு பட்டா இதோட வயசு போயிரும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விபூதி போட்டும் தேய்க்காதீர்கள், கடையில் விற்கும் வெள்ளிப் பாலிஷும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க முதலில் அழிவது விளிம்பு எழுத்துதான். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். பெயர் தெரியவில்லை என்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலை லேசாகத் தேய்த்தாலும் எழுத்து ஏறும். எண், பதவி, பெயர், படை நான்கையும் தனியாக எழுதி வையுங்கள். பதக்கம் பெற்றவர்களின் பட்டியல்கள் லண்டனில் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 100 என்ற வரிசையிலும், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் தேடலாம். பெங்களூரில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்குச் சொந்த அருங்காட்சியகம் உண்டு. நல்ல விலை தருகிறோம் என்று வெளிநாட்டிலிருந்து கேட்டால் அனுப்பிவிடாதீர்கள். நூறு வருடம் கடந்த கைவினைப் பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை.

போகிக்கு முந்தைய நாள், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் வந்தார். புது நாடாவைக் கோத்து வைத்திருந்தேன். உதிரும் பழைய துணியைத் தனியாக ஒரு கண்ணாடித் தாள் உறையில் போட்டுக் கொடுத்தேன். அதையும் தூக்கி எறியக் கூடாது, அவர் மார்பில் கிடந்தது அதுதான் என்றேன். கையில் வாங்கியவர் நாடாவை விரலால் தடவிப் பார்த்தார். தினம் ஐயாயிரம் மீட்டர் நாடாவில் பிசிறு தேடும் கை அது.

“பாலம் கட்டினாராண்ணா?”

“பாலம், ரோடு, படகுத்துறை. எல்லாமுங் அம்மிணி.”

“எங்க தாத்தாவும் கொத்தனாருதாண்ணா” என்றார். காசு எவ்வளவு என்று கேட்டார். நான் வாங்கவில்லை.

பாவு ஏற்றினால் ஒரு சாண் மட்டும் நெய்ய முடியாது. பதினோரு மீட்டர் இறங்கியிருந்தது. மிச்சத்தை அட்டையில் சுற்றிச் சாம்பிள் அலமாரியில் வைத்தேன். எங்கள் சாம்பிள் நோட்டில் ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு துண்டு ஒட்டி, அகலம், நூல், நிறம், பார்ட்டி பெயர் எழுதுவோம். 32 எம்.எம்., பட்டு, அரக்கு–கருநீலம் என்று எழுதினேன். பார்ட்டி பெயர் என்ற கட்டத்தில், ‘சாவ்மி’ என்று இல்லாமல், அவர்கள் வீட்டில் கூப்பிடுகிறபடி அந்தப் பெரியவரின் பெயரைத் தமிழில் எழுதினேன்.